ரிலேயை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

"ரிலே கருகிப் போச்சு, புதுசு போட்டாச்சு, இனி ஒன்னும் ஆகாது." கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. ஈப்போவில், சிலிபின் பக்கத்துப் பட்டறைகளில் காரை விட்டுக் காத்திருக்கும் அப்பாக்களும் மாமாக்களும் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே பெட்டியில், அதே இடத்தில், புது ரிலேயும் கருகுகிறது. "அண்ணே, இது ரெண்டாவது தடவை" என்றால், "சாமான் சரியில்ல, இப்பல்லாம் எல்லாம் மட்டமான சாமான்தான்" என்று பதில் வரும்.

சாமான் மட்டமாக இருக்கலாம். ஆனால் இரண்டு முறை ஒரே இடத்தில் கருகுகிறது என்றால், குற்றத்தை ரிலேயின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. சூடேறுவது ஒரு நோயின் அறிகுறி. காய்ச்சல் வந்தவருக்கு வெப்பமானியை மாற்றிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் மருத்துவரை யாரும் ஏற்க மாட்டோம். ஆனால் காரின் மின்கம்பிகள் என்று வந்துவிட்டால் அப்படிப்பட்ட வைத்தியத்தை ஏற்றுக்கொள்கிறோம். அளந்து பார்க்காமல் ரிலேயை மாற்றுவது ஆபத்தான பழக்கம். இதைத் தடுக்கத் தேவையான அறிவியல் முழுவதும் உங்கள் இடைநிலைப்பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். தேர்வுத்தாளுக்கு வெளியே அது வருவதே இல்லை.

முதலில் ரிலே என்னும் அந்தச் சிறிய கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அடியில் நான்கு அல்லது ஐந்து உலோகக் கால்கள். உள்ளே மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிய ஒரு கம்பிச்சுருள். அதன் நடுவில் ஓர் இரும்பு. மேலே ஓர் அசையும் தகடு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகட்டின் நுனியில் இருக்கும் தொடுமுனை எதிரிலுள்ள தொடுமுனையைப் போய்த் தொடும். 'டிக்' என்ற ஒலி கேட்கும். பெரிய மின்னோட்டம் செல்ல வழி திறந்துவிட்டது என்று பொருள்.

சிறிய மின்னோட்டம் ஒன்று பெரிய மின்னோட்டத்துக்குக் கட்டளையிடுகிறது, அவ்வளவுதான். மலாய் மொழியில் இதைக் 'கெகந்தி' என்பார்கள். 'கந்தி' என்றால் மாற்று, பதில் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் களைத்துப்போனதும் அவருக்குப் பதிலாக இன்னொருவர் ஓடுவது போல. உண்மையிலேயே இது தந்திக் காலத்துக் கருவி. நீண்ட தூரம் சென்று வலுவிழந்த தந்திச் சைகையைப் புதிய பேட்டரியின் வலுவோடு மேலே அனுப்பத்தான் ரிலே பயன்பட்டது. அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டிலேயே இதன் அடிப்படை அமைப்பைச் செய்து காட்டினார். நம் பேராக்கும் தந்திக்குப் புதியதன்று. இந்நாட்டின் முதல் தந்திக் கம்பி 1876இல் கோலகங்சாரையும் தைப்பிங்கையும் இணைத்துத்தான் இழுக்கப்பட்டது.

கால்களுக்குப் போடப்பட்டிருக்கும் எண்களைக் கவனியுங்கள்: 30, 85, 86, 87. ஜெர்மனியின் டின் 72552 என்னும் தர ஒழுங்கிலிருந்து வந்த எண்கள் இவை. 85, 86 இரண்டும் சுருளின் இரு முனைகள். 30இல் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்து நிற்கும். 87 வழியாக அது விளக்குக்கோ விசிறிக்கோ போகும். ஐந்தாவது கால் இருந்தால் அது 87ஏ. ரிலே ஓய்வில் இருக்கும்போது 30ஐத் தொட்டுக்கொண்டிருப்பது. இந்த நான்கு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

இனி வெப்பத்துக்கு வருவோம். வேலை செய்யும் ரிலே கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு. சுருளின் மின்தடை 85 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். 14ஐ 14ஆல் பெருக்கி 85ஆல் வகுத்தால் 2.3 வாட். காற்றோட்டமில்லாத சின்னப் பெட்டிக்குள் எந்நேரமும் 2.3 வாட் வெப்பம் பிறந்துகொண்டே இருந்தால் தொட்டால் சுடத்தான் செய்யும். கைவைத்துப் பார்த்து 'சூடா இருக்கு, தூக்கிப் போடு' என்பது அவசரம். தொட்டுக்கொண்டே இருக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் பழுப்பேறுவது, மீன் வாடை போன்ற ஒரு நாற்றம், இவைதாம் பயப்பட வேண்டியவை.

பயப்பட வேண்டிய அந்தச் சூடு பெரும்பாலும் சுருளில் பிறப்பதில்லை. பெரிய மின்னோட்டம் பாயும் 30க்கும் 87க்கும் இடையிலான வழியில்தான் பிறக்கிறது. படிவம் 5 இயற்பியலில் ஒரு சூத்திரம் படித்திருப்பீர்கள்: திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது. புது ரிலேயின் தொடுமுனைகளுக்கு இடையே மின்தடை மிக மிகக் குறைவு. 5 மில்லி ஓம் என்று கொள்வோம். அதாவது ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு. ரேடியேட்டர் விசிறிக்காக 20 ஆம்பியர் பாய்ந்தால் 20 × 20 × 0.005. விடை 2 வாட். கவலையில்லை.

அதே தொடுமுனை தேய்ந்தோ, கரிபிடித்தோ, அல்லது சாக்கெட்டில் கால் தளர்ந்தோ மின்தடை 50 மில்லி ஓம் ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்குதான். சாதாரண மீட்டரில் பார்த்தால் பூஜ்யம் என்றே தோன்றும். ஆனால் 20 × 20 × 0.05 எவ்வளவு? 20 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் திறன் அது. விரல்நுனி அளவுள்ள ஓரிடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டுவிட்டு போனட்டை மூடிவிட்டோம் என்று பொருள்.

இதில் மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "ஃபியூஸ் இருக்கே, தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடி அது அறுந்துடாதா?" என்று கேட்பார்கள். அறுந்துபோகாது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் ஃபியூஸ் உருகும். தளர்ந்த இணைப்பு மின்தடையைக் கூட்டுகிறது. மின்தடை கூடினால் மின்னோட்டம் இன்னும் குறையத்தானே செய்யும்? ஃபியூஸின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பக்கத்து ரிலே உருகிக்கொண்டிருக்கும்போதும் ஃபியூஸ் முழுசாக இருக்கும். கார் மின்சாரத்தில் இதைவிட ஏமாற்றும் விஷயம் வேறில்லை என்பேன். ஃபியூஸை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள், அது குறுக்குச்சுற்றிலிருந்து வயரைக் காக்க வந்த காவலாளி என்பதை மறந்துவிடுகிறார்கள். அதிலும் 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி அறுகிறதென்று 30 ஆம்பியர் போடுகிறவர்களும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுகிறவர்களும் அந்தக் காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, தொடுமுனை ஏன் கெடுகிறது? ஒவ்வொரு முறை 'டிக்' என்று திறந்து மூடும்போதும் அந்தச் சிறு இடைவெளியில் ஒரு மின்பொறி தாவுகிறது. குளிர்ந்திருக்கும் பல்பின் இழைக்கு மின்தடை மிகக் குறைவு. ஆகவே விளக்கைப் போட்ட அந்தக் கணத்தில் வழக்கத்தைப்போல் பத்து மடங்கு வரை மின்னோட்டம் பாய்கிறது. விசிறி மோட்டாரும் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது அப்படித்தான். பொறி பட்டுப் பட்டுத் தொடுமுனையில் பள்ளம் விழுகிறது, தொடும் பரப்பு குறைகிறது, மின்தடை ஏறுகிறது, சூடு ஏறுகிறது, சூட்டில் பரப்பு இன்னும் கெடுகிறது.

இந்தப் பொறியைத் தாங்கத்தான் தொடுமுனைகளை வெறும் செம்பில் செய்வதில்லை. இப்போதைய கார் ரிலேக்களில் பெரும்பாலும் வெள்ளியோடு வெள்ளீய ஆக்சைடைக் கலந்து செய்கிறார்கள். வெள்ளீயம் என்பது வேறொன்றுமில்லை. நாம் பேச்சில் ஈயம் என்று சொல்லும் அதே உலோகம், கிந்தா பள்ளத்தாக்கை உலக வரைபடத்தில் ஏற்றிய உலோகம். புரோட்டோன் சாகா முதன்முதலில் சாலைக்கு வந்தது 1985 ஜூலையில். அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றுபோனது, விலை சரிந்தது, நம் சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஈயக் கப்பல்கள் துருப்பிடித்துக் கிடக்கும் ஊரில், கார் ரிலேயின் தொடுமுனையில் இன்றும் ஒரு துளி ஈயம் வேலை செய்துகொண்டிருக்கிறது. பாடத்தோடு தொடர்பில்லாத செய்திதான்; ஆனாலும் ஈப்போக்காரர்கள் தெரிந்துவைத்திருக்கலாம்.

ஈயத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சர்க்யூட் பலகையில் பற்றவைத்திருப்பதும் அதுதான். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த ஹோண்டா சிவிக், அக்கோர்ட் கார்களில் 'மெயின் ரிலே' என்று ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். எண்ணெய்ப் பம்ப்புக்கு மின்சாரம் தருவது அதுதான். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கார் கிளம்பாது. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் கிளம்பும். காரணம், பலகையில் வைத்த ஈயப் பற்றில் முடிபோன்ற விரிசல். சூட்டில் விரிந்து தொடர்பை விடும், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பம்ப்பை மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். பலகையைக் கழற்றி ஈயத்தைப் புதிதாக உருக்கி வைத்தவர்களின் கார் சில்லறைச் செலவில் ஓடியது.

இப்போது நம் இளைஞர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு கதைக்கு வருகிறேன். பழைய கார் ஒன்றின் முன்விளக்கு மங்கலாக எரிகிறது. தோட்டத்துச் செம்மண் சாலைகளிலும் விளக்கில்லாத கம்பத்துச் சாலைகளிலும் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. விளக்குக்கு வரும் வழியில் எங்கோ மின்தடை ஏறியிருக்கிறது. பல்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 10.8தான் கிடைக்கிறது. பத்து விழுக்காடுதானே என்று எண்ணாதீர்கள். இழை பல்பில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்துவிடும்.

தம்பி என்ன செய்கிறார்? 55 வாட் பல்பைக் கழற்றி 100 வாட் பல்பு போடுகிறார். இரண்டு விளக்குக்கும் சேர்த்து முன்பு 110 வாட், 9.2 ஆம்பியர். இப்போது 200 வாட், 16.7 ஆம்பியர். மின்னோட்டம் இருமடங்குகூட ஆகவில்லை. ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? நாம் பார்த்த 50 மில்லி ஓம் இணைப்பில் முன்பு 4 வாட் சூடு. இப்போது 14 வாட். ஒளி கொஞ்சம் கூடியதென்று மகிழ்கிறார். ஒரு மழை நாளில் இரண்டு மணி நேரம் விளக்கைப் போட்டு ஓட்டியதும் ரிலே சாக்கெட் உருகுகிறது. மூல நோய் அப்படியே இருக்க, மருந்து என்று நினைத்து எரியும் அடுப்பில் விறகு வைத்திருக்கிறார். எதிரே வருபவரின் கண் கூசுவதும், விளக்குகளை மாற்றுவதற்கு ஜேபிஜே விதித்திருக்கும் கட்டுப்பாடுகளும் வேறு கதை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பல பழைய கார்களில் முன்விளக்கின் மின்னோட்டம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போய்வரும். அந்தக் கார்களில் ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுப்பது நல்ல சீர்திருத்தம். சுவிட்ச் பிழைக்கும், ஒளியும் கூடும். ஆனால் மலிவாகக் கிடைக்கும் ஆயத்த வயர்த் தொகுப்பை வாங்கும்போது வயரின் செப்புத் தடிமனைப் பாருங்கள். வெளியே தடித்த பிளாஸ்டிக், உள்ளே அரை சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால், 4 மீட்டர் நீளத்துக்கு 0.14 ஓம் மின்தடை. 10 ஆம்பியர் பாய்ந்தால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மங்கலைப் போக்க வாங்கியதே மங்கலைக் கொண்டுவரும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இழப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

அப்படியானால் கோளாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டர். பலர் செய்வது இப்படி: ரிலேயைப் பிடுங்கிவிட்டு 30ஆம் எண் துளையில் மீட்டரை வைத்து, "பன்னிரண்டு வோல்ட் வருது, வயர் நல்லாருக்கு" என்கிறார்கள். ஓம் விதியைப் படித்த மாணவர் இதை உடனே மறுக்க முடியும். மின்னோட்டம் பாயாதபோது எந்த மின்தடையிலும் மின்னழுத்த இழப்பு இல்லை. ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் அறுந்த வயரும் அப்போது முழு 12 வோல்ட்டைக் காட்டும். தண்ணீர்க் குழாயில் முக்கால்வாசி அடைப்பு இருந்தாலும், குழாயைத் திறக்காதவரை உள்ளே அழுத்தம் குறையாமல்தான் இருக்கும். திறந்தால்தான் சாயம் வெளுக்கும்.

எனவே வேலை நடக்கும்போதுதான் அளக்க வேண்டும். விளக்கையோ விசிறியையோ ஓடவிட்டு, ரிலே தன் இடத்தில் இருக்கும்போதே, சாக்கெட்டின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மீட்டரின் ஒரு ஊசியை 30இலும் மற்றதை 87இலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது அந்த ரிலேக்குள் தொலைந்துபோகும் மின்னழுத்தம். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் நலம். 0.2ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். அரை வோல்ட் காட்டி 10 ஆம்பியர் பாய்ந்தால், இரண்டையும் பெருக்குங்கள்: 5 வாட் அங்கேயே வெப்பமாகிறது. ரிலே நன்றாக இருந்தால் ஊசியை நகர்த்துங்கள். பேட்டரியின் நேர்முனைக்கும் 30க்கும் இடையே, பிறகு 87க்கும் பல்புக்கும் இடையே, கடைசியாகப் பல்பின் எர்த்துக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே. எங்கே எண் பெரிதாகிறதோ அங்கே கோளாறு. மின்தடையை நேரடியாக ஓம் அளவில் அளக்கப் பார்க்காதீர்கள். மீட்டரின் சொந்த வயருக்கே நாம் தேடும் அளவைவிட மின்தடை அதிகம்.

இரண்டே நிமிட வேலை. பழைய வயர்மேன்கள் சிலர் இதைத் தவறாமல் செய்கிறார்கள். அவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு: கருகிய ரிலேயை எறிவதற்கு முன் திருப்பிப் பார்ப்பார்கள். எந்தக் கால் கறுத்திருக்கிறது? 30 அல்லது 87 மட்டும் நீலம் பாரித்து, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் உருகியிருந்தால், சாக்கெட்டில் அந்தக் காலைக் கவ்விப் பிடிக்கும் பித்தளை டெர்மினல் தளர்ந்துவிட்டது என்று அறியலாம். அதில் புது ரிலேயைச் செருகினால் அதுவும் கருகும்; டெர்மினலையும் வயரின் நுனியையும் புதிதாக்க வேண்டும். கால்கள் பளபளப்பாக இருந்து பெட்டியின் உட்புறம் மட்டும் கருகியிருந்தால் தொடுமுனையோ சுருளோ காரணம். ஐயம் தீரவில்லையா? பக்கத்தில் ஹாரனுக்கு அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சூடு ரிலேயோடு சேர்ந்து இடம் மாறுகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா? இதைவிடத் தெளிவான ஒரு கட்டுப்பாட்டுச் சோதனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில்கூடக் காண்பது அரிது.

இன்னொரு நுட்பம் பலருக்குத் தோன்றுவதில்லை. சுருளுக்குப் போகும் வழி கெட்டாலும் தொடுமுனை சூடேறும். 85ஆம் காலின் எர்த் வயர் துருப்பிடித்திருந்தால் சுருளுக்கு முழு மின்னழுத்தம் கிடைக்காது, காந்தம் வலுவிழக்கும், தொடுமுனைகள் அழுத்தமாகச் சேராமல் பட்டும் படாமலும் நிற்கும். அழுத்தம் குறைந்தால் மின்தடை கூடும். போனட்டுக்குள் இருக்கும் சூடும் இதற்குத் துணைபோகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு ஏறும். காலையில் 30 டிகிரியில் இருந்த சுருள் மதியம் 90 டிகிரிக்குப் போனால் மின்தடை கால்பங்குக்கு நெருக்கமாகக் கூடி, காந்தத்தின் இழுப்பு தளரும். ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி லாரிகளுக்குப் பின்னால் ஏர்கோன் போட்டு மெதுவாக ஏறும் கார் ஒன்றை எண்ணிப் பாருங்கள். விசிறிகளின் ரிலே அதிகம் உழைக்கும் நேரமும் அதன் பிடி தளரும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

இதெல்லாம் பழைய காருக்கும் கைவேலைக்கும்தான் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 2011ஆம் ஆண்டு மாதிரிகளான ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ கார்களில் ஏறக்குறைய 188,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டிக்குள், பலகையோடு பலகையாகப் பதித்திருந்த எண்ணெய்ப் பம்ப் ரிலே சூட்டினால் உருக்குலைந்துபோனதுதான் காரணம். அதனால் கார் கிளம்பாமல் போகலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றும் போகலாம். நிறுவனம் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: தொடுமுனையில் செல்லும் திறன், சுற்றுப்புற வெப்பம், தொடுமுனையின் மின்தடை, பேட்டரியின் மின்னழுத்தம். நாம் மேலே கணக்குப் போட்ட அதே சங்கதிகள்! தீர்வும் எளிமையானது. புது ரிலே ஒன்றை அந்தச் சூடான பெட்டிக்கு வெளியே தனியாக வைத்து வயர் இழுத்துக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனத்தின் பொறியாளர்களும் கடைசியில் வந்து சேர்ந்த இடம், ரிலேயை மட்டும் மாற்றினால் போதாது, அது இருக்கும் சூழலையும் மாற்ற வேண்டும் என்பதுதான்.

'காண்டாக்ட் கிளீனர்' என்று எதையாவது பீய்ச்சி அடித்துவிட்டுக் கோளாறு தீர்ந்ததென்று எண்ணுபவர்களுக்கு இன்னொரு நிகழ்வு. 2012 அக்டோபரில் டொயோட்டா உலகம் முழுவதும் 74 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் கதவிலுள்ள கண்ணாடி சுவிட்சுக்குள் கிரீஸ் சீராகப் பூசப்படாததால் அது சிக்கிச் சிக்கி அசைந்தது. சிக்கலைப் போக்கக் கடையில் விற்கும் மசகு எண்ணெயை உள்ளே அடித்தால் சுவிட்ச் உருகிப் புகை வரக்கூடும் என்று அந்நிறுவனமே எச்சரித்தது. அசைவு மென்மையாகிவிட்டது, ஆகவே கோளாறு போய்விட்டது என்று நினைப்பது மனித இயல்பு. ரிலே சாக்கெட்டில் எண்ணெய் அடிப்பவர்களும் அதே நினைப்பில்தான் அடிக்கிறார்கள். தளர்ந்த டெர்மினலை எந்தத் தைலமும் இறுக்காது.

பட்டறைக்காரர்களின் பக்கமும் எனக்குத் தெரியும். வாசலில் ஐந்து கார் நிற்கிறது, ரிலேயின் விலை சில ரிங்கிட், அளந்து, டெர்மினலைக் கழற்றி, வயரை வெட்டிப் புதிதாக்கினால் ஒரு மணி நேரம் போகும், அதற்குக் கூலி கேட்டால் "சின்ன சாமானுக்கு இவ்வளவா?" என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சாமானுக்குப் பணம் கொடுக்கும் நாம் கண்டுபிடித்ததற்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறோம். ஆகவே பழியில் பாதி நம்முடையது. அடுத்த முறை அப்பாவோடு பட்டறைக்குப் போனால் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, எத்தனை வோல்ட் டிராப் ஆகுது?" கேள்வி வந்தால் மீட்டர் வெளியே வரும்.

இன்னொரு வழக்கம் எனக்குக் கோபம் வரவழைப்பது. படிப்பு ஏறவில்லையென்றால் "பட்டறைக்குப் போ" என்று பிள்ளையை விரட்டுகிறோமே, அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நகரத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது பட்டறைத் தொழில். அதைத் தோற்றவர்களின் புகலிடமாகப் பேசுவதால் இரண்டு கேடு. அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பட்டறையில் சேரும் மாணவரோ தனக்கும் இயற்பியலுக்கும் ஒட்டுறவு இல்லை என்று எண்ணி, 'கருகினால் மாற்று' என்னும் ஒற்றைப் பாடத்தோடு நின்றுவிடுகிறார். தொடுமுனையின் மில்லி ஓமைக் கணக்கிட்டுக் கோளாற்றைப் பிடிக்கும் வயர்மேன், எஸ்.பி.எம். இயற்பியலில் சிறந்த தேர்ச்சி பெற்றும் 85, 86 எதுவென்று தெரியாதவரைவிட எந்த வகையில் குறைந்தவர்? மின்சாரக் கார்கள் பெருகி வரும் இந்நாளில் அந்த வேலைக்கு இன்னும் கூடுதல் படிப்புதான் தேவைப்படும். பல நூறு வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பெரிய ரிலேக்கள் அவற்றில் இருக்கின்றன. அங்கே விளையாட்டுக்கு இடமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்காந்தப் பாடம் நடத்தும் வாரத்தில் பழைய ரிலே ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தால் சுருளும் தகடும் தொடுமுனையும் கண்ணுக்கு நேரே தெரியும். 12 வோல்ட் மின்வழங்கி, 21 வாட் சிக்னல் பல்பு, மீட்டர் இருந்தால் போதும். நல்ல தொடுமுனையில் இழப்பை அளக்கச் சொல்லுங்கள். பிறகு தேய்ந்துபோன ரிலேயில் அளக்கச் சொல்லுங்கள். வேறுபாட்டை மாணவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

மாணவர்களே, வீட்டுக் காரில் தனியாக இதைச் செய்து பார்க்க இறங்காதீர்கள். தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே மோதிரம் பட்டால் அது நொடியில் பழுத்துவிடும். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் கார்கள் உண்டு. விரலை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஓடும் காரில் போனட் இடுக்கிலிருந்து புகை வந்தால் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் இறங்கித் தூரம் போய் 999ஐ அழையுங்கள். போனட்டை அகலத் திறந்து பார்க்கும் ஆவல் வேண்டாம். உள்ளே காற்றுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் நெருப்புக்கு அது விருந்து வைத்ததாகிவிடும்.

போகும் முன் ஒரு கேள்வி. ஒரு காரின் ஃபியூஸ் பெட்டியில் ஹாரன், முன்விளக்கு, ரேடியேட்டர் விசிறி மூன்றுக்கும் ஒரே எண்ணுள்ள ரிலேக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் பொருத்தப்பட்டவை. எது முதலில் பழுப்பேறும், எது கடைசிவரை புதிதாகவே இருக்கும்? மின்னோட்டத்தின் அளவு, அது பாயும் நேரம், ஒரு நாளில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு, அப்பாவின் அனுமதியோடு, பெட்டியைத் திறந்து உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள்.